கூட்டம் கத்தும்போது ஆட்டக்காரருக்குள் என்ன நடக்கிறது?

முக்கியமான ஆட்டத்தில் ஒருவர் சொதப்பிவிட்டால் அடுத்த நொடியே நம் வாயில் வருவது, "பிரஷர் தாங்கலப்பா." மறுத்துப் பேச யாரும் வருவதில்லை. அதே ஆள் நன்றாக ஆடிவிட்டால், "கூட்டத்தைப் பார்த்தாலே அவனுக்குத் தனி வெறி" என்கிறோம். இரண்டும் ஒரே கூட்டத்தைப் பற்றிய பேச்சுதான். ஒருவரைத் தூக்கிவிட்டதும் அதே கூட்டம், இன்னொருவரைக் கவிழ்த்ததும் அதே கூட்டம் என்றால், அது உண்மையில் செய்கிற வேலை என்ன?

உளவியலில் இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கும் மேலாக விடை தேடியிருக்கிறார்கள். கிடைத்த விடை நாம் பேசிக்கொள்வதைவிட எளிமையானது, ஆட்டக்காரர்களிடம் கொஞ்சம் இரக்கமுள்ளதும்கூட. பெருநகர அணிக்கு ஆடுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது தைரியம், நெஞ்சுரம், மனத்திடம் என்ற சொற்களை எளிதாக எடுத்துவிடுகிறோம். உள்ளே நடப்பதோ பெரும்பாலும் கவனம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். அதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## ஒரு கையெழுத்திலிருந்து தொடங்குவோம்

உங்கள் கையெழுத்தை எத்தனை ஆயிரம் முறை போட்டிருப்பீர்கள்? கை தானாகப் போடும். இப்போது எதிரில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, "பழைய கையெழுத்து மாதிரியே இருக்கணும், பார்த்துப் போடுங்க" என்று சொல்லட்டும். பேனா மெல்ல நகரும். அந்த வளைவு மேலிருந்து ஆரம்பிக்குமா கீழிருந்தா என்று மனம் தேடும். கடைசியில் தாளில் விழுவது வேறு யாரோ போட்டது போல இருக்கும்.

மாடிப்படியும் அப்படித்தான். பேசிக்கொண்டே இறங்கினால் கால் தடுமாறுவதில்லை. எந்தக் கால், எந்தப் படி என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு இறங்கினால் நடுவில் எங்கோ தடுமாறுகிறோம்.

இரண்டிலும் கோழைத்தனம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தானாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலைக்குள் நம் கவனம் புகுந்தது, வேலை கெட்டது. அவ்வளவுதான். பழகிப் பழகி, ஒவ்வொரு அசைவையும் மனம் மேற்பார்வை செய்யாமலே உடல் செய்து முடிக்கிற இந்த நிலைக்குத் தன்னியக்கம் என்று பெயர். பயிற்சி என்பதே ஒரு திறமையைத் தன்னியக்கத்துக்குக் கொண்டுபோகிற வேலை. இனி வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான் சாவி.

## யாராவது பார்த்தாலே போதும்

கூட்டத்தின் சத்தம், எதிர்பார்ப்பு, வசவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, ஒருவர் செய்வதை இன்னொருவர் சும்மா பார்ப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுவே ஏதாவது செய்யுமா?

செய்யும். 1898ஆம் ஆண்டிலேயே நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்க உளவியலாளர், சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டும்போதைவிட மற்றவர்களோடு ஓட்டும்போது வேகமாகப் போவதைக் கவனித்து எழுதினார். ஆனால் அதற்குப் பின் வந்த ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. சில வேலைகளில் பார்வையாளர் இருந்தால் திறன் கூடியது, சிலவற்றில் குறைந்தது. பல பத்தாண்டுகள் இந்தக் குழப்பம் நீடித்தது.

1965இல் ராபர்ட் ஜயான்ஸ் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பார்வையாளர் இருந்தால் உடலில் ஒரு முறுக்கு ஏறுகிறது. அந்த முறுக்கு, நமக்கு எது மிக எளிதாக வருமோ அதை இன்னும் வலுவாக வெளியே தள்ளுகிறது. நன்றாகப் பழகிய வேலை என்றால் எளிதாக வருவது சரியான அசைவு, அதனால் நன்றாகச் செய்கிறோம். பழகாத வேலை என்றால் எளிதாக வருவது தவறு, அதனால் இன்னும் மோசமாகச் செய்கிறோம். இதைப் பார்வையாளர் விளைவு என்று அழைக்கலாம்.

ஜயான்ஸும் அவருடைய குழுவும் 1969இல் இதைக் கரப்பான் பூச்சிகளிடமும் சோதித்தார்கள். நேரான பாதையில் ஓடவேண்டிய பூச்சி, மற்ற பூச்சிகள் பக்கத்தில் 'பார்த்துக்கொண்டு' இருந்தபோது வேகமாக ஓடியது. வளைந்து திரும்பி வழி தேடவேண்டிய பாதையிலோ, பார்வையாளர்கள் இருந்தால் கூடுதல் நேரம் எடுத்தது. கரப்பான் பூச்சிக்கு மானம், அவமானம், நாளைய தலைப்புச் செய்தி எதுவும் கிடையாது. அப்படியும் கூட்டம் அதனிடம் வேலை செய்கிறது என்றால், இது எவ்வளவு அடியில் கிடக்கிற விஷயம் என்று புரியும்.

மனிதர்களிடம் செய்த ஒரு சோதனை இன்னும் தெளிவானது. 1982இல், பூல் என்ற, பில்லியர்ட்ஸ் போன்ற மேசை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்த மாணவர்களை முதலில் அவர்களுக்குத் தெரியாமல் கவனித்தார்கள். பிறகு நான்கு பேர் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று வெளிப்படையாகப் பார்த்தார்கள். நன்றாக ஆடுகிறவர்கள், சரியாக விழுந்த அடிகளின் கணக்கில் 71 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு ஏறினார்கள். சுமாராக ஆடுகிறவர்கள் 36இலிருந்து 25க்கு இறங்கினார்கள். பார்த்தது அதே நான்கு பேர்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துக்கொள்வோம். கூட்டம் என்பது ஒலிபெருக்கி போல. உள்ளே இருப்பதைக் கூட்டிக் காட்டுகிறது. இந்தக் கணக்குப்படி, வருடக்கணக்கில் பழகிய தொழில்முறை ஆட்டக்காரருக்குக் கூட்டம் எப்போதும் நல்லதுதானே செய்யவேண்டும்? பிறகு ஏன் தேர்ந்தவர்களே கவிழ்கிறார்கள்?

## பார்வை வேறு, பணயம் வேறு

பார்வையோடு பணயமும் சேரும்போது கதை மாறுகிறது. பணயம் என்று நான் சொல்வது, இந்த ஒரு உதை, இந்த ஒரு வீச்சு தவறினால் என்ன ஆகும் என்ற விலை. அந்த விலை ஏற ஏற, ஆட்டக்காரர் தன் அசைவின் மேலேயே கண் வைக்கத் தொடங்குகிறார். தவறிவிடக் கூடாது என்று, தானாக நடந்துகொண்டிருந்த வேலையை மேற்பார்வை செய்ய இறங்குகிறார். அதே கையெழுத்துதான்.

நன்றாக ஆடவேண்டும் என்ற கட்டாயம் கூடிய நேரத்தில், ஒருவர் தன் வழக்கமான திறனைவிடக் கீழே போவதற்கு சோக் ஆவது என்று பெயர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 'சோக்கர்ஸ்' என்ற பட்டம் பழக்கமானது. அதை ஒரு வசவாக ஆக்கிவிட்டோம். ஆய்வாளர்கள் அதை வசவாகப் பயன்படுத்துவதில்லை.

ஷான் பைலாக் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்த கால்பந்துச் சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே பந்தைக் காலால் தள்ளிக்கொண்டு போகவேண்டும். பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனித்துக்கொண்டே போங்கள் என்றபோது, அனுபவமுள்ளவர்கள் தங்கள் வலுவான காலில் மெதுவானார்கள். புதியவர்களுக்கு அதே கவனம் உதவியாக இருந்தது. அனுபவசாலிகளையே பழகாத காலால் ஆடச் சொன்னபோது, அவர்களுக்கும் கவனம் உதவியது. அதாவது, எதைப் பழகியிருக்கிறோமோ அதைத்தான் கவனம் கெடுக்கும். சோக் ஆவதற்கே முதலில் திறமை வேண்டும்! இதை நான் முதலில் படித்தபோது நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். திறமை போதாதவர் என்று நாம் திட்டிய எத்தனை பேர், திறமை மிகுந்ததால் விழுந்தவர்களாக இருப்பார்கள்?

எந்த நேரத்தில் இது அதிகம் நடக்கிறது என்று பாருங்கள். பெனால்டி உதை, கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ, கோல்ஃபில் குழிக்குப் பக்கத்தில் வந்த பந்து. எல்லாமே, நின்று, மூச்சு விட்டு, யோசிக்க நேரம் கிடைக்கிற இடங்கள். பாய்ந்து வரும் பந்தைப் பிடிக்கும்போது மேற்பார்வை செய்ய நேரமே கிடையாது, உடல் பார்த்துக்கொள்ளும். நேரம் கிடைத்தால்தான் சிக்கல்.

இது முற்றிப்போவதும் உண்டு. சக் நாப்லாக் என்ற பேஸ்பால் வீரர், 1997இல் மின்னசோட்டா அணியில் இருந்தபோது தற்காப்பு ஆட்டத்துக்கான கோல்டு குளோவ் விருது வாங்கியவர். மறு வருடம் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்தார். இரண்டாம் பேஸிலிருந்து முதல் பேஸுக்கு எறிவது அவருக்குத் தினமும் செய்கிற வேலை, ஆட்டத்திலேயே எளிதான எறிகளில் ஒன்று. 1999இலிருந்து அந்த எறி அவர் கையை விட்டுப் போனது. 2000 ஜூனில் ஒரு பந்து தப்பிப் போய், பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் முகத்தில் பட்டது. அடுத்த ஆண்டு அவரை வெளிப்புற எல்லைக்கு மாற்றினார்கள். நன்றாகப் பழகிய ஓர் எளிய அசைவு இப்படித் திடீரென்று காணாமல் போவதை யிப்ஸ் என்கிறார்கள். யிப்ஸ் எல்லாமே மனம் சார்ந்தவை இல்லை, சிலவற்றில் நரம்பு சார்ந்த காரணங்களும் உண்டு. ஆனால் எவருக்கு வந்தாலும் அது சோம்பேறித்தனமோ பயந்தாங்கொள்ளித்தனமோ கிடையாது.

## ஒரே படபடப்பு, இரண்டு வழி

சரி, பணயம் ஏறினால் எல்லோரும் கவிழவேண்டுமே. கவிழ்வதில்லை. ஏன்?

பெரிய ஆட்டத்துக்கு முன் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. 'பதற்றமே இல்லாத ஆள்' என்று நாம் நினைப்பவர்களுக்கும் இப்படித்தான். வித்தியாசம் அடுத்த படியில் வருகிறது. "இதைச் சமாளிக்க என்னிடம் சரக்கு இருக்கிறது" என்று மனம் கணக்குப் போட்டால் அது சவால் நிலை. "என்னிடம் இருப்பது போதாது" என்று கணக்குப் போட்டால் அது அச்சுறுத்தல் நிலை. ஜிம் பிளாஸ்கோவிச் என்ற ஆய்வாளரின் வகைப்பாடு இது. உடலிலேயே இந்த வித்தியாசம் தெரியும். இரண்டிலும் இதயம் வேகமாகத்தான் அடிக்கும். சவால் நிலையில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்தம் தாராளமாக ஓடும். அச்சுறுத்தல் நிலையில் அவை அப்படித் தளர்வதில்லை, இறுகவும் செய்யும்.

பெனால்டி ஷூட் அவுட்டை வைத்து இதைப் பார்க்கலாம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட்டும் அவருடைய சக ஆய்வாளரும் உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஷூட் அவுட்களைப் பிரித்து ஆராய்ந்தார்கள். இந்த உதை உள்ளே போனால் நாம் வென்றுவிடுவோம் என்ற நிலையில் உதைத்தவர்கள் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கோல் போட்டார்கள். இது தவறினால் தோற்றுவிடுவோம் என்ற நிலையில் உதைத்தவர்கள் பத்துக்கு ஏறக்குறைய ஆறுதான். தூரம் அதே 11 மீட்டர். பந்தும் கோல் கம்பமும் அதேதான். மாறியது, மனம் போட்ட கணக்கு. தோல்வியைத் தவிர்க்க உதைத்தவர்கள் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடப்பதும், நடுவர் விசில் ஊதியதும் அவசர அவசரமாக உதைத்து முடிப்பதும் அதிகமாக இருந்தன. கொதிக்கிற பாத்திரத்திலிருந்து கையை இழுத்துக்கொள்வது போல, அந்த வேதனை சீக்கிரம் முடியட்டும் என்ற அவசரம்.

சவால் நிலைக்கு எனக்கு மறக்கமுடியாத உதாரணம் கேத்தி ஃப்ரீமேன். 2000 செப்டம்பர் 25 அன்று சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். அரங்கில் 1,12,524 பேர். பத்து நாள் முன்புதான் அவர் அந்த ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றியிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினத்தைச் சேர்ந்த பெண். ஒரு நாடு முழுவதும் தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்ள ஆசைப்பட்டதை எல்லாம் அவர் தோளில் ஏற்றி வைத்திருந்தது. 49.11 விநாடியில் ஓடி முதலில் வந்தார். வந்ததும் துள்ளவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார், ஓடுபாதையிலேயே உட்கார்ந்தார், காலணிகளைக் கழற்றினார். அந்த ஓட்டத்தை மீண்டும் பார்க்க நேர்ந்தால், தங்கத்தைவிட அந்த உட்கார்ந்த நிமிடத்தைப் பாருங்கள். அழுத்தத்தைத் தாங்கியவருக்கு அழுத்தமே இல்லை என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்று அதில் தெரியும்.

சுருக்கமாக: பார்வை முறுக்கேற்றுகிறது. பணயம் கவனத்தை உள்ளே திருப்புகிறது. மனம் போடும் கணக்கு, அந்த முறுக்கு எந்தப் பக்கம் போகும் என்று தீர்மானிக்கிறது.

## பெருநகரம் ஏன் தனி விஷயம்?

இப்போது பெருநகரத்துக்கு வருவோம். பெருநகர ரசிகர்கள் மற்றவர்களைவிட மோசமானவர்கள் என்றோ, அதிகம் அன்பானவர்கள் என்றோ நான் நினைக்கவில்லை. வித்தியாசம் அளவிலும் நினைவிலும் இருக்கிறது.

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அதில் பாதி, 81 ஆட்டம், சொந்த அரங்கில். நியூயார்க் போன்ற ஊரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மறுநாள் பல நாளிதழ்கள், வானொலி, தொலைக்காட்சி, இப்போது கைபேசி. நேற்று நடந்த ஒரு தவறு இன்று காலை தலைப்பாகி, இன்று மாலை மைதானத்துக்குள் கால் வைக்கும்போது ஐம்பதாயிரம் பேருக்கும் தெரிந்த செய்தியாகிவிடுகிறது. ஆட்டக்காரரின் கவனத்தை அவர் பக்கமே திருப்பிவிட இதைவிட வேறு என்ன வேண்டும்? சின்ன ஊரில் ஒரு தவறு ஒரு தவறு மட்டுமே. பெருநகரத்தில் அதே தவறு ஒரு கதையாகிவிடுகிறது. அடுத்த முறை அந்த ஆள் எறியும்போது எல்லோரும் அந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தைப் பார்க்கிறார்கள். அவரும் பார்க்கிறார்.

எட் விட்சன் என்ற பந்தெறிபவர் 1984இல் சான் டியாகோவுக்கு 14 வெற்றிகள் தேடித் தந்தவர். மறு வருடம் யாங்கீஸ் அவரை வாங்கியது. ஆரம்பம் சரியில்லை. சொந்த அரங்கிலேயே கூச்சல், வசவு. 1986இல் நிலைமை எங்கே போனது என்றால், பயிற்சியாளர் அவரை நியூயார்க்கில் களம் இறக்குவதையே தவிர்த்தார், வெளியூர் ஆட்டங்களில் மட்டும் பயன்படுத்தினார். அந்த சீசன் நடுவிலேயே அவர் சான் டியாகோவுக்குத் திரும்பினார். 1989இல் அதே கை 16 ஆட்டங்களை வென்றது. திறமை எங்கேயும் போய்விடவில்லை.

அதே நகரம், அதே அரங்கம், 1977 அக்டோபர் 18. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் யாங்கீஸின் ரெஜி ஜாக்சன் மூன்று ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல, பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். மூன்று வெவ்வேறு பந்தெறிபவர்கள், ஒவ்வொருவரிடமும் அவர் சந்தித்த முதல் பந்து. கூட்டம் அவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அதிர்ந்தது. இவருக்கு நெஞ்சம் பெரிது, அவருக்குச் சிறிது என்று முடித்துவிடுவது சுலபம். ஆனால் வென்றவர்களை மட்டும் வைத்துப் 'பெருநகரத்துக்கு ஏற்ற ஆள்' என்று ஓர் இலக்கணம் எழுதினால் அது பின்னால் எழுதிய இலக்கணம்தான். அதே யாங்கீஸின் ரோஜர் மாரிஸ் 1961இல் 61 ஹோம் ரன் அடித்து, பேப் ரூத் 1927இல் வைத்த 60 என்ற சாதனையை முறியடித்தார். சாதித்தவர்தானே? அந்தத் துரத்தலின்போது மன உளைச்சலில் அவருக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நியூயார்க் ரசிகர்களில் பலர் அந்தச் சாதனை அவருடைய அணித் தோழர் மிக்கி மேன்டிலுக்குப் போகவேண்டும் என்று விரும்பினார்கள். 61வது ஹோம் ரன் பறந்தபோது அரங்கில் இருந்தவர்கள் 23,154 பேர். பாதிக்கு மேல் இருக்கைகள் காலி.

பெருநகரத்தின் நினைவு எவ்வளவு நீளம் என்பதற்கு ரியோ டி ஜெனிரோவைச் சொல்லவேண்டும். 1950 ஜூலை 16, மரக்கானா அரங்கம். உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் பிரேசிலுக்குச் சமநிலை போதும். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மட்டும் 1,73,850 பேர். பிரேசில் முதலில் கோல் போட்டது. உருகுவே 66வது நிமிடத்தில் சமன் செய்தது. 79வது நிமிடத்தில் அல்சிடெஸ் கிகியா அடித்த பந்து கோல்கீப்பர் பார்போசாவைக் கடந்து உள்ளே போனது. 2க்கு 1. பார்போசா அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். அந்த ஒரு பந்துக்காக அவரைக் கடைசிவரை விடவில்லை. பிரேசிலில் அதிகபட்ச சிறைத்தண்டனையே 30 வருடம், நானோ 50 வருடமாகத் தண்டனை அனுபவிக்கிறேன் என்று முதுமையில் அவர் சொன்னார். 2000இல் இறந்துபோனார். அணியின் வெள்ளைச் சட்டையைக்கூட ராசியில்லை என்று மாற்றிவிட்டார்கள். இன்று உலகமே அறிந்த அந்த மஞ்சள் சட்டை அப்படி வந்ததுதான்.

## இத்தனை ஈடுபாடு எங்கிருந்து வருகிறது?

ரசிகரைக் குற்றவாளியாக்கி இதை எழுத எனக்கு மனமில்லை. அந்த ஈடுபாடு இல்லாவிட்டால் பெருநகர விளையாட்டே இல்லை.

பெருநகரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் வாழலாம். ஆனால் ஒரே நிறச் சட்டை போட்ட ஆளை ரயிலில் பார்த்தால் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடுகிறது. அணி என்பது லட்சக்கணக்கான அந்நியர்கள் 'நாம்' என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரு காரணம். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1976இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற வார இறுதிக்குப் பிறகு மாணவர்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த உடைகளை அதிகம் அணிந்து வந்தார்கள். பேச்சிலும் வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' அதிகம் வந்தது, தோல்வியில் 'அவர்கள்'. "ஜெயிச்சுட்டோம்", "தோத்துட்டாங்க". நம் பேச்சையே கவனித்தால் போதும், ஆய்வுகூடத் தேவையில்லை. மற்றவர் வெற்றியில் நாம் குளிர்காய்கிற இதை இரவல் பெருமை என்று சொல்லலாம்.

இது வெறும் பேச்சளவில் நிற்பதில்லை. 1994 உலகக் கோப்பை இறுதியைத் தொலைக்காட்சியில் பார்த்த ரசிகர்களிடம் உமிழ்நீர் எடுத்துச் சோதித்தார்கள். வென்ற பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, தோற்ற இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. பந்தைத் தொடாமலே அவர்கள் உடல் ஆடி முடித்திருந்தது. ஆட்டக்காரரைக் கூச்சலிட்டுத் திட்டுகிறவர் உண்மையிலேயே வலியில்தான் இருக்கிறார். அந்த வலியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அது போய்ச் சேர்கிற இடத்தைப் பற்றித்தான் என் கவலை.

## சத்தம் நடுவர் மேலும் விழுகிறது

சொந்த ஊரில் ஆடும் அணி அதிகம் வெல்வதை உள்ளூர் சாதகம் என்கிறோம். கூட்டம் கத்துவதால் ஆட்டக்காரர்கள் சிலிர்த்து ஆடுகிறார்கள் என்பதுதான் பொதுவான விளக்கம். அது கதையில் ஒரு பகுதிதான்.

2002இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், 40 கால்பந்து நடுவர்களிடம் ஓர் ஆட்டத்தின் மோதல்களைக் காணொளியில் காட்டித் தீர்ப்புக் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, இன்னொரு பிரிவினருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக ஏறக்குறைய 15 சதவீதம் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். வேண்டுமென்று செய்யும் ஓரவஞ்சனை என்று இதைச் சொல்லமுடியாது. சந்தேகமான நொடியில் ஐம்பதாயிரம் பேரின் குரலும் ஒரு சாட்சி போல மனதுக்குள் நுழைந்துவிடுகிறது. 2020இல் கொரோனா காலத்தில் காலி அரங்குகளில் ஆட்டம் நடந்தபோது இதையே பெரிய அளவில் பார்க்க முடிந்தது. வெளியூர் அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் கூடுதல் மஞ்சள் அட்டைகள் குறைந்துபோயின.

அமெரிக்கக் கால்பந்தில் சத்தம் நேரடி ஆயுதமாகவே பயன்படுகிறது. கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் அரங்கில் 2014இல் 142.2 டெசிபெல் பதிவானது. அந்தச் சத்தத்தில் எதிரணித் தலைவர் அடுத்த நகர்வைக் கத்திச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் வெளியூர் அணிகள் சைகையிலேயே ஆட்டத்தைத் தொடங்கப் பழகிக்கொள்கின்றன.

## எல்லாமே பிரஷர் ஆகிவிடாது

இவ்வளவு தெரிந்த பிறகு எல்லாத் தோல்விக்கும் இந்த விளக்கத்தையே ஒட்டிவிடும் ஆசை வரும். அதுவும் தவறு.

1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையின் 251 ரன்னைத் துரத்திய இந்தியா 1 விக்கெட்டுக்கு 98 என்று இருந்தது. டெண்டுல்கர் 65 ரன்னில் ஸ்டம்பிங் ஆனார். பிறகு 8 விக்கெட்டுக்கு 120. கூட்டம் பாட்டில்களை எறிந்தது, தீ வைத்தது, ஆட்டம் நின்று இலங்கைக்கு வெற்றி கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கொடுத்த அழுத்தத்தில் கவிழ்ந்தார்கள் என்று சொன்னால் பொருத்தமாகத்தான் கேட்கும். ஆனால் அன்று ஆடுகளம் உடைந்துபோயிருந்தது, பந்து கண்டபடி திரும்பியது. ஜயசூர்யாவின் சுழலில் 12 ரன்னுக்கு 3 விக்கெட் போனது. அந்த ஆடுகளத்தில் காலி அரங்கில் ஆடியிருந்தாலும் திணறியிருப்பார்கள்.

இதன் மறுபக்கம், நெருக்கடியில் மட்டும் விழித்துக்கொள்கிற தனி வகை ஆட்டக்காரர் உண்டு என்ற நம்பிக்கை. பேஸ்பால் புள்ளிவிவரக்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடியும், ஆண்டுக்கு ஆண்டு நிலைத்து நிற்கிற அப்படிப்பட்ட தனித்திறன் தெளிவாகப் பிடிபடவில்லை. நெருக்கடியில் நன்றாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் எப்போதுமே நன்றாக ஆடுகிறவர்கள்தான்.

## பழக முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. முழுக்க யாராலும் முடியாது.

எளிய வழி, உதைக்கும் முன் அல்லது எறியும் முன் ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்கிற சின்னச் சின்ன அசைவுகள். பந்தை மூன்று முறை தட்டுவது, மூச்சை இழுத்து விடுவது, ஒரே புள்ளியைப் பார்ப்பது. பார்ப்பவர்களுக்கு மூடநம்பிக்கை போலத் தெரியும். உண்மையில் அது கவனத்துக்கு உட்கார ஓர் இடம் கொடுக்கிறது, அசைவுக்குள் புகுந்து கெடுக்காமல் தடுக்கிறது. இன்னொரு வழி, படபடப்பை அடக்கப் பார்க்காமல் அதற்குப் பெயரை மாற்றுவது. 2014இல் வெளியான ஆலிசன் வுட் புரூக்ஸின் ஆய்வில், பாடவோ பேசவோ போகும் முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் அடிப்பது அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஒத்திகை. இங்கிலாந்து கால்பந்து அணிக்குப் பெனால்டி என்றாலே பல வருடம் சாபம் போல இருந்தது. 1996 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகத் தவறவிட்ட கேரத் சவுத்கேட், பின்னால் அதே அணியின் பயிற்சியாளரானார். 2018 உலகக் கோப்பைக்கு முன் பெனால்டியை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல், திட்டமிட்டுப் பழக்கினார். கொலம்பியாவை ஷூட் அவுட்டில் 4க்கு 3 என்று வென்றார்கள். ஆனாலும் 2021இல் லண்டன் வெம்ப்ளியில், சொந்த ரசிகர்கள் முன் நடந்த ஐரோப்பிய இறுதியில் இத்தாலியிடம் ஷூட் அவுட்டில் தோற்றார்கள். கடைசியாகத் தவறவிட்ட புகாயோ சாகாவுக்கு அப்போது 19 வயது. அவர் மீதும் தவறவிட்ட மற்ற இருவர் மீதும் கொட்டிய இனவெறி வசவுகளை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. 2024இல் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதி ஷூட் அவுட்டில் சாகா மறுபடி பந்தை எடுத்துக்கொண்டு நடந்தார். கோல் போட்டார். அந்த இரண்டு உதைகளுக்கு நடுவில் அவர் புதிதாக ஒரு நெஞ்சைப் பொருத்திக்கொள்ளவில்லை. மூன்று வருடம் ஆடினார், பழகினார், அவ்வளவுதான்.

## கூட்டம் வேறு மாதிரியும் நடந்துகொள்ளலாம்

ஃபிலடெல்பியா ரசிகர்கள் அமெரிக்காவிலேயே கடுமையானவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள். அந்த ஊர் பேஸ்பால் அணிக்கே 18 சீசன் ஆடி 548 ஹோம் ரன் அடித்த மைக் ஷ்மிட்டையே விடாமல் கூச்சலிட்டார்கள். 1985இல் அவர் ரசிகர்களைக் கண்டித்துப் பேசியது அச்சில் வந்ததும் நிலைமை இன்னும் மோசமாகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நீளமான பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது. இறுக்கம் உடைந்தது.

2023இல் அதே அணிக்கு 11 வருடத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ட்ரே டர்னர் வந்தார். ஆகஸ்ட் தொடக்கம்வரை மிக மோசமான ஆட்டம். அடித்தது 10 ஹோம் ரன் மட்டும். அவருடைய தவறு ஒன்று ஓர் ஆட்டத்தையே கெடுத்த பிறகு, ரசிகர்கள் நடுவே ஒரு யோசனை பரவியது. ஆகஸ்ட் 4 அன்று சொந்த அரங்கில் அவர் மட்டையோடு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒவ்வொரு முறை வந்தபோதும். அதற்குப் பிறகு மிச்ச சீசனில் 16 ஹோம் ரன் அடித்தார்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். மிக மோசமாக ஆடிக்கொண்டிருக்கும் நல்ல ஆட்டக்காரர், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் மெல்லத் தன் பழைய அளவுக்கு வந்துவிடுவார். இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். பயிற்சியாளர் திட்டிய பிறகு முன்னேறியது, கோயிலுக்குப் போன பிறகு முன்னேறியது என்று நாம் நம்புகிற பலவற்றுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. டர்னர் கதையிலும் இதற்குப் பங்கு உண்டு. எவ்வளவு கைதட்டலால், எவ்வளவு தானாக என்று ஓர் ஆட்டக்காரரை வைத்துப் பிரித்துச் சொல்லமுடியாது. ஆனால் அந்தக் கைதட்டல் எந்த இடத்தைத் தொட்டிருக்கும் என்று இப்போது நமக்குத் தெரியும். தவறினால் என்ன ஆகும் என்ற விலையை அந்த ஐந்து நிமிடத்துக்குக் கூட்டமே கையில் வாங்கிக்கொண்டது. தன் கையையும் மட்டையையும் கவனித்துக்கொண்டிருந்த ஒருவர் மறுபடி பந்தைப் பார்க்கலாம் என்று ஆனது.

கொஞ்ச நாள் கழித்து ஃபிலடெல்பியாவைச் சுற்றிச் சாலையோர விளம்பரப் பலகைகளில் ட்ரே டர்னரின் பெயர் வந்தது. ரசிகர்களுக்கு நன்றி சொல்ல அவரே வாங்கிய பலகைகள் அவை.